சம்பந்தி ஊர்

எனக்குப் பிரெஞ்சு தெரியும். அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களைக் காலையில் மூன்று கோயில், மத்தியானம் ஒரு பட்டுக்கடை என்று அழைத்துப் போய், சாயங்காலம் பத்திரமாக வண்டி ஏற்றிவிடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். அவர்கள் சொல்வதில் பாதியைத்தான் கடைக்காரரிடம் சொல்வேன். கடைக்காரர் சொல்வதில் கால்வாசியைத்தான் அவர்களிடம் சொல்வேன். அப்படிச் செய்தால்தான் இரண்டு பக்கமும் சிரித்த முகமாகப் பிரியும். இதைத் தப்பு என்று நான் நினைத்ததே கிடையாது. நல்ல மொழிபெயர்ப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்கழியில், பதினாறு பேர் வந்தார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள், மீதிப் பேர் ஜெர்மன்காரர்கள். எல்லோருக்கும் சேர்த்து நான் ஒருத்தி போதும் என்றார்கள், ஜெர்மன்காரர்களுக்கும் நல்ல பிரெஞ்சு வந்தது. அவர்களில் ஒரு கிழவரும் கிழவியும் விட்டுப் பிரியாமல் திரிந்தார்கள். கோயில் வாசலில் அவள் செருப்பை அவர் பார்த்துக்கொண்டார். சாப்பிடும்போது அவர் தட்டிலிருந்த பச்சைமிளகாயை அவள் பொறுக்கி எடுத்தாள். எங்கள் வேன் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாமா, ரெண்டும் ஒட்டிக்கினே சுத்துது. புருசன் பொஞ்சாதியா?”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் கிழவியிடமே கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். இல்லையாம். அவள் பிரான்ஸில் ஒரு சின்ன ஊர், அவர் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலக யுத்தத்தில் அவளுடைய தாய்மாமனை ஜெர்மன்காரர்கள் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். இவருடைய அப்பா அதே யுத்தத்துக்குப் போய் ஒரு காலோடு திரும்பியவர். யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து இரண்டு ஊர்த் தலைவர்களும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்த ஊரும் அந்த ஊரும் இனி ஜோடி. ஊர் எல்லைப் பலகையில் தங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே அந்த ஊர்ப் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். கோடை விடுமுறையில் இந்த ஊர்ப் பிள்ளைகளை அந்த ஊர் வீடுகளில் தங்க வைத்தார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளை இந்த ஊரில். அப்படித்தான் பன்னிரண்டு வயதில் இவர் அவள் வீட்டுக்கு வந்து இறங்கியிருக்கிறார்.

“என் அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் தின்று முடிக்கும்வரை வெளியே வரமாட்டாள். மூன்று கோடை அப்படி” என்றாள் கிழவி.

“நாலாவது கோடை?”

“நாலாவது கோடை பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றாள்.”

சொல்லிவிட்டு அவள் தயிர்சாதத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். நான்தான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன். வெளியே வந்து டிரைவரிடம் சொன்னேன். ஊரும் ஊரும் ஜோடி என்றதும் அவர், “பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் மாதிரியா?” என்று கேட்டார். அது ஒரே ஊரின் இரண்டு பாதி. இது அப்படியில்லை. எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

“சம்பந்தி ஊர்னு வெச்சுக்கோயேம்பா” என்றேன்.

“அய்ய, சம்பந்தின்னாலே சண்டைதான மா. எங்கூட்டாண்ட வந்து பாரு.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, காரணம் இருக்கிறது.

நான் பிறந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். பக்கத்துத் தென்னேரி ஏரி அளவுக்குப் பெரியதில்லை என்றாலும் எங்களுக்கும் ஒரு ஏரி உண்டு. ஏரிக்கு இந்தப் பக்கம் நாங்கள், கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் இன்னொரு ஊர். இரண்டு ஊருக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை. அங்கே பெண் கொடுப்போம், அங்கிருந்து பெண் எடுப்போம். என் அக்காவையும் அந்த ஊரில்தான் கொடுத்தோம். ஏரிக்கரை மேலே நடந்தால் இருபது நிமிடம்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு பெருமழை. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் போதாமல், தண்ணீர் பின்னால் ஏறி எங்கள் ஊருக்குள் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு. எங்கள் ஊர் ஆம்பிளைகள் ஏழெட்டுப் பேர் போய்க் கலங்கலின் கற்களைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் வடிந்தது. வடிந்த தண்ணீர் மொத்தமும் பள்ளத்து ஊரில் போய் விழுந்தது. அக்காவின் கொழுந்தன், அதாவது அவள் புருஷனின் தம்பி, கட்டிப்போட்டிருந்த மாடுகளை அவிழ்க்கப் போனவன் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துக் கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது.

அன்றோடு முடிந்தது. பெண் கொடுப்பது இல்லை, எடுப்பது இல்லை. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. அந்த ஊருக்கு வாழப்போன எங்கள் ஊர்ப் பெண்கள் பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டியது. மூன்று வருடம் கழித்து எங்கள் அப்பா செத்தார். அக்கா வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊரே வேண்டாம் என்றிருந்தது.

ஆனால் அம்மாவும் அக்காவும் சந்தித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கா புருஷனுக்குச் சர்க்கரை. மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள், அதை வாங்க அக்கா வருவாள். அம்மா கருவாட்டுக் குழம்பும் சோறும் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அக்கா மாத்திரை வாங்கி வந்து, சாப்பிட்டு, வீட்டில் வாசனை தெரியக்கூடாது என்று சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறுவாள். மொத்தம் முக்கால் மணி நேரம். ஐந்து வருடம் இது நடந்தது. அம்மா அதற்காகத்தான் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

எனக்கு அது போதவில்லை. திருடர்கள் மாதிரி ஆஸ்பத்திரி மரத்தடியில் பெற்ற மகளைப் பார்ப்பதா? அம்மா வீட்டு வாசலில் அக்கா பகலில் வந்து இறங்க வேண்டும், அம்மா அவளை உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அன்று தயிர்சாதத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது நடக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெரிய யுத்தம் போட்டவர்களே ஒருவர் தட்டில் மற்றவர் மிளகாய் பொறுக்குகிறார்கள். ஒரு ஏரித் தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க முடியாதா?

கிழவரிடமும் கிழவியிடமும் கேட்டேன். எங்கள் ஏரியைப் பார்க்க வருகிறீர்களா, இரண்டு ஊர்க்காரர்களும் வருவார்கள், உங்கள் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று. கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எங்கள் ஊரின் முன்னாள் தலைவருக்குப் போன் செய்தேன். அக்கா புருஷனிடம் டிரைவரை விட்டுப் பேசச் சொன்னேன், நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் இரண்டு பக்கமும் சரி என்றார்கள். எங்கள் பக்கம் இளநீர், அந்தப் பக்கம் டீ என்று முடிவானது. போகும்முன் அம்மாவிடம் சொன்னேன்.

“வேணாம்டி. இருக்கறதும் பூடும்” என்றாள்.

கேட்டேனா? கேட்கவில்லை.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு வேன் கலங்கல் அருகே நின்றது. பெயர்த்த இடத்தில் அரசாங்கம் புதுசாக சிமெண்டு போட்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் அவர்கள் ஊர். நடுவில் பத்தடி. அந்தப் பக்கத்துப் பெண்கள் கூட்டத்தில் அக்கா நின்றாள். நான் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெர்மன் கிழவர் பேசினார். நான் தமிழில் சொன்னேன். யுத்தம், சுடப்பட்ட தாய்மாமன், ஒற்றைக்கால் அப்பா, காகிதம், கோடை விடுமுறை, தட்டு. அந்தத் தட்டுக் கதையைச் சொன்னபோது இரண்டு பக்கத்துப் பெண்களும் உச் கொட்டினார்கள். அந்த இரண்டு ஊரும் இப்போது சம்பந்தி ஊர் என்று முடித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா புருஷன் தொண்டையைச் செருமினார். எட்டு வருடத்தில் அவர் எங்கள் பக்கத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

“அதெல்லாம் சரி மா. ரெண்டு பேர்ல யாரு மொதல்ல மன்னிப்பு கேட்டாங்க? அத கேட்டு சொல்லு.”

நல்ல கேள்வி. நான் இரண்டு நாளாக அந்த மனிதர்களோடு சுற்றியும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. கிழவரிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

“யாரும் கேட்கவில்லை. யார் போய் யாரிடம் கேட்பது? என் அப்பா சாகும்வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள், பிறகு எங்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். அவ்வளவுதான்.”

இதை நான் எப்படிச் சொல்வது? பத்தடி தூரத்தில் அக்கா நிற்கிறாள். அக்கா புருஷன் பதிலுக்குக் காத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் அவர் திரும்பி நடந்துவிடுவார். இருபது வருடப் பழக்கம் என் வாயில் வந்தது.

“ஜெர்மன்காரங்கதான் மொதல்ல கேட்டாங்களாம். ஊரோட வந்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாங்களாம்” என்றேன்.

அந்தப் பக்கம் சலசலப்பு எழுந்தது. நல்ல சலசலப்பு. அக்கா புருஷன் தலையை ஆட்டினார். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை இது என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் முன்னாள் தலைவர் இளநீரைக் கீழே வைத்தார்.

“இரு இரு. யாரு கேட்டது? ஜெர்மன்காரனா? அந்தச் சண்டைய ஆரம்பிச்சதே அவன்தான? குட்டி மீசைக்காரன் ஊரு. அப்ப இங்க யாரு ஜெர்மன்காரன்? நாங்களா?”

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன்.

“வேற எப்டி சொன்ன? ஊட்டுக்குள்ள தண்ணி, பாம்பு, புள்ளைங்கள பரண் மேல ஒக்கார வெச்சிருந்தோம். உசுரு பொழைக்க கல்ல எடுத்தோம். நாங்க இன்னா ஊர புடிக்கவா போனோம்? எங்கள கொலைகாரன்னு சொல்றதுக்கா வெள்ளைக்காரன இட்டுக்கினு வந்த?”

அவர் சொன்னதிலும் பொய் கிடையாது. அந்த மழையில் எங்கள் தெருவில் கைக்குழந்தைகள் இருந்தார்கள். அவரைச் சமாதானம் செய்ய நான் வாயைத் திறக்கும்முன் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனியில் வேலைக்குப் போக ஆன்லைனில் ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்தவளாம். இது அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அவள் கிழவரிடம் நேராக ஜெர்மனில் ஏதோ கேட்டாள். கிழவருக்கு ஏரிக்கரையில் தன் பாஷையைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நீளமாகப் பதில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, அவரு அப்டி சொல்லலயே. யாருமே சாரி கேக்கலன்றாரு.”

அக்கா புருஷன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம்கூட இல்லை அதில். “அப்ப அவங்களும் கேக்கல. நீயாதான் சொல்லிக்கின” என்றார்.

முன்னாள் தலைவர் சிரித்தார். “பாத்தியா? கேக்காமதான் சேந்துக்கினாங்க. அப்ப நாங்க மட்டும் எதுக்கு கேக்கணும்?”

கூட்டம் கலைய ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவமானம் வேறு. நான் கத்தினேன். நீங்களெல்லாம் மனுஷங்களா, பெத்த தாயும் மகளும் ஆஸ்பத்திரி மரத்தடியில் மாசா மாசம் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது என்று. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊரைப் பார்க்க நடந்தாள்.

பிரெஞ்சுக் கிழவி என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

“சந்தோஷப்படுகிறார்கள்” என்றேன்.

அவர்கள் ஏரியோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை அம்மா வழக்கம்போல டிபன் பாக்ஸோடு போனாள். நான் தடுத்தும் கேட்கவில்லை. மாத்திரை வரிசையில் அக்கா புருஷனே நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அம்மா வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பாக்ஸைத் திறக்காமல் திரும்பி வந்தாள். அதற்கடுத்த மாதமும் போனாள். அப்போதும் அவரே வந்திருந்தார். அக்காவின் போன் நம்பர் மாறிவிட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன ஐப்பசியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். படுத்த படுக்கை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. பேசினால் ஒன்றைத்தான் பேசினாள்.

“ஒரு தபா வந்துட்டு போவச் சொல்லேன். தண்ணிகூட குடிக்க வேணாம். வாசப்படில நின்னுட்டு போவட்டும்.”

பத்து நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோராவது நாள் பக்கத்து வீட்டுக்காரம்மாவை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மன்னிப்புத்தானே வேண்டும்? நான் கேட்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எந்தச் சொல் எங்கே வர வேண்டும் என்று எனக்கா தெரியாது?

அக்கா வீட்டை அடைந்தபோது பகல் பதினோரு மணி. அக்கா புருஷன் வேலைக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா, எனக்கு அத்தை முறை, கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளையைத் தண்ணீரில் கொடுத்தவள். என்னைப் பார்த்ததும் கை நின்றது, பிறகு மறுபடி உரித்தது. “ஒக்காரு” என்றாள். அடுக்களை நிலைப்படியில் அக்கா வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

“அத்தை, மன்னிப்பு கேக்க வந்தேன்” என்றேன்.

“நீ இன்னா பண்ண? மழை அன்னிக்கு நீ ஊர்லயே இல்ல.”

“எங்கப்பா பண்ணாரு. கல்ல பேத்தவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தர்.”

அதை நான் அதுவரை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமே சொன்னதில்லை. முழங்கால்வரை சேறோடு அப்பா அன்று வீட்டுக்கு வந்ததாக அம்மா சொல்வாள், அதோடு நிறுத்திக்கொள்வோம். சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

“தெரியும்” என்றாள் அத்தை. “தண்ணி வடிஞ்சப்புறம் கலங்கலாண்ட கடப்பாரை கெடந்துச்சு. தலைப்பக்கம் உங்கப்பா பேரு வெட்டியிருந்துச்சு. பின்னால கொட்டாயிலதான் கெடக்குது. உங்கக்காளும் பாத்துருக்கா.”

அக்கா பத்து வருடம் அந்தக் கடப்பாரை இருக்கிற வீட்டில் சமைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி மரத்தடியில் ஒரு நாள்கூட அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நான் எழுந்து அத்தையின் காலருகே உட்கார்ந்தேன். அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். ஒரே ஒரு தடவை, வாசற்படிவரை அக்காவை அனுப்பச் சொன்னேன். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சரி, நீ கேக்கறதுன்னா கேளு. எங்கிட்ட இன்னாத்துக்கு கேக்கற? போனவங்கிட்ட கேளு. அந்தா படம் மாட்டியிருக்குது. பேரு சொல்லி, தப்பு நடந்துபோச்சுப்பான்னு கேளு. கேட்டுட்டு உங்கக்காள இட்டுக்கினு போ. எம்புள்ள கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அவ்வளவுதான் கேட்டாள். கலங்கலுக்கு ஊரே வந்து கும்பிட வேண்டும் என்று கேட்கவில்லை. நான் எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கையைக் கூப்பினேன். வாயைத் திறந்தேன்.

பெயர் வரவில்லை.

அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிடுவாள். அதனால் அம்மாவும் தம்பி. எனக்குச் சின்ன மாமா. என் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் கொடுத்தபோது சின்ன மாமா. பொங்கல் வரிசை கொண்டுபோனால் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பவன் சின்ன மாமா. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் கீழே சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது, நான் படிக்கவில்லை. அவன் செத்தபோது இந்த ஊர் முனையில் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று பேனர் கட்டியிருப்பார்கள், பெயர் கொட்டை எழுத்தில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. கலங்கலில் அத்தனை பேர் முன்னால் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரியின் தாய்மாமனைப் பற்றி உருகி உருகிச் சொன்னேனே, இவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா?

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். உதட்டை அசைத்தால் போதும், நான் பிடித்துக்கொள்வேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். உதடு அசையவில்லை.

அத்தை காத்திருந்தாள். நிறைய நேரம் கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு முறத்தைப் பக்கத்தில் இழுத்து மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்தாள்.

“உங்கப்பா பேரு எனக்கு எழுத்து எழுத்தா தெரியும் மா” என்றாள். “போயிட்டு வா. உங்கம்மாவ நல்லா பாத்துக்கோ.”

அக்கா உள்ளே போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா விழித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி படுத்திருந்தாள். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

என்னால் எதையாவது சொல்லியிருக்க முடியும். தை பிறந்ததும் அனுப்புகிறார்களாம் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அம்மா, அக்கா கொழுந்தன் இருந்தாரே, அவரு பேரு இன்னா?”

“தம்பி” என்றாள் உடனே.

“அது கூப்புடற பேரு. சொந்தப் பேரு?”

அம்மா யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தெரிந்த பெயரையெல்லாம் உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள், இது இல்லை, இது இல்லை என்று தலையை ஆட்டினாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

“பொண்ண குடுத்து, அந்த ஊட்ல எத்தினி தபா கை நனைச்சிருக்கோம். செத்த புள்ள பேரு தெரியலயேடி நமக்கு. எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவள அனுப்புன்னு கேக்கறது?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்றாள். திருப்பிப் படுக்க வைத்தேன். அதற்கப்புறம் ஐந்து வாரம் இருந்தாள். அக்காவைப் பற்றிக் கேட்கவே இல்லை.